பசியும் வர்க்கமும்: உண்ணல் கோளாறுகள் குறித்துச் சில குறிப்புகள்

பசி என்றதும் முற்போக்கு இலக்கிய வாசகரின் உள்ளத்தில் முதலில் எழுவது உணவில்லாதவனின் பசியே. பஞ்சம், கூலி, விலைவாசி, நிலவுடைமை ஆகியவற்றோடு பசியைத் தொடர்புபடுத்தி நோக்குவது நமது எழுத்தின் மரபாகிவிட்டது, அம்மரபு பிழையானதுமன்று. ஆயினும் உணவு முன்னே இருக்கவும் உண்ண மறுப்போர், அளவிறந்து உண்டு பின்னர் அதனை வலிந்து வெளியேற்றுவோர், நிறுத்த விரும்பியும் நிறுத்த இயலாது உண்போர் ஆகியோரின் நிலை நமது சஞ்சிகைகளிற் பேசப்படுவது அரிது. பேச நேர்ந்தவிடத்தும், 'வயிறு நிறைந்தவர்களின் வியாதி' என்ற ஒரு தொடரோடு விடயம் முடிந்துவிடுகின்றது. அத்தொடரைப் பரிசீலனைக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதில் ஓரளவு வரலாற்று உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கும் ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்கும் உரியது. அதனை எக்காலத்துக்கும் எல்லாச் சமூகங்களுக்கும் நீட்டுமிடத்து அது நோயாளருக்குக் கேடு விளைவிக்கும் ஒரு தப்பெண்ணமாக மாறிவிடுகின்றது.

முதலிற் சொற்கள் பற்றிச் சிறிது கூறவேண்டும். மருத்துவர்கள் இன்று அனொரெக்சியா நேர்வோசா என வழங்கும் நோயின் பெயருக்கு 'நரம்புசார் பசியின்மை' என்பதே நேர்ப்பொருள். இப்பெயர் பொருந்தாதது. நோயுற்றோர் பலர் பசியைக் கடுமையாக உணர்கின்றனர். பசியை வெல்வதே அவர்களுக்கு வாழ்வின் மையமான வேலையாகி விடுகின்றது. ஜேர்மானியர் இதனை மெலிவு வேட்கை என்னும் பொருள்படும் சொல்லால் அழைப்பர். அது நோயின் உட்கிடையை நன்கு சுட்டுகின்றது. அளவிறந்து உண்டபின் வாந்தியெடுத்தும் பேதிமருந்து உட்கொண்டும் ஈடுசெய்யும் நோய் புலிமியா நேர்வோசா எனப்படும். கிரேக்கத்தில் இச்சொல்லுக்கு எருதுப்பசி என்பது பொருள். தமிழ் பயின்றோருக்கு உடனே மணிமேகலை நினைவுக்கு வரும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கனியும் நாவற்கனியை மிதித்தழித்தமையால் சாபத்துக்குள்ளான காயசண்டிகையின் தீராப்பசியை அக்காப்பியம் யானைத்தீ என்கின்றது. கிரேக்கர் எருதைக் கண்டவிடத்துச் சாத்தனார் யானையைக் கண்டார். இவ்வொற்றுமையைக் கொண்டு காயசண்டிகைக்குப் புலிமியா இருந்தது என நிறுவப் புறப்படுவது வேடிக்கையாகும். அவளது பசி அமுதசுரபியின் ஒரு பிடி உணவால் தணிகின்றது; பௌத்த அறத்தின் பெருமையை உணர்த்தவே அப்பசி படைக்கப்பட்டது. நோய்க்குறிகள் ஒத்திருப்பதாலேயே நோய் ஒன்றெனக் கொள்ளும் இம்முறையியற் சிக்கலுக்குப் பின்னரும் நாம் திரும்ப வேண்டியிருக்கும்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். கார்மாதன்சயர் பிரதேசம் 1839 முதல் 1843 வரை சுங்கத் தடைவாயில்களை உடைத்தெறிந்த ரெபேக்கா கலகங்களாற் குலுங்கிய மண். கலகங்கள் அடங்கி ஒரு தலைமுறை சென்றபின், அப்பிரதேசத்திலுள்ள ஒரு பண்ணை வீட்டிற் சாரா ஜேக்கப் என்ற சிறுமி நோயிற் படுத்தாள். 1867ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலிருந்து அவள் எதுவுமே உண்ணவில்லை என்று பெற்றோர் கூறினர். ஊர்க் குருவானவர் இதனைப் பத்திரிகைக்கு எழுதினார். புதிதாக அமைந்த புகையிரதப் பாதை வழியே தூரதேசங்களிலிருந்தும் மக்கள் அவளைப் பார்க்க வந்தனர். ரிப்பன்களால் அலங்கரிக்கப்பட்டுப் படுக்கையில் நூல் வாசித்தவண்ணம் இருந்த சிறுமியைக் கண்டோர் காசும் பரிசும் வைத்துச் சென்றனர்.

இது அற்புதமா ஏமாற்றா என்பதை விஞ்ஞானம் தீர்க்கட்டும் எனக் கற்றோர் சிலர் ஒரு குழு அமைத்தனர். இலண்டன் கைஸ் மருத்துவமனையிலிருந்து தாதியர் நால்வர் வரவழைக்கப்பட்டு 1869 டிசெம்பர் 9ஆம் திகதி காவல் தொடங்கிற்று. சிறுமி கேட்டால் உணவு கொடுக்கலாம், கேட்காவிட்டால் கொடுக்கவேண்டியதில்லை. இதுவே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அவள் கேட்கவில்லை. அதுவரை மறைவாகக் கிடைத்துவந்த சிறிதளவு உணவும் காவலால் நின்றுபோயிருத்தல் வேண்டும். நாளுக்குநாள் அவள் நலிந்ததைத் தாதியர் கண்டனர், குறித்துக்கொண்டனர். பெற்றோர் காவலை நிறுத்த மறுத்தனர். டிசெம்பர் 17ஆம் திகதி பன்னிரண்டு வயதுச் சிறுமி இறந்தாள். அடுத்த ஆண்டு தந்தைக்குப் பன்னிரண்டு மாதமும் தாய்க்கு ஆறு மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. காவலை ஏற்பாடு செய்த கனவான்களுக்குத் தண்டனை எதுவும் கிட்டவில்லை.

இவ்வழக்கில் இரண்டு உலகங்கள் மோதுவதைக் காணலாம். உண்ணாமையை இறையருளின் அடையாளமாகக் கொண்ட பழைய கிராமிய உலகம் ஒன்று; உண்ணாமையை அளந்து சோதித்துத் தீர்ப்பளிக்க விழையும் நகர்ப்புற மருத்துவ உலகம் மற்றையது. சிறுமி ஏன் உண்ண மறுத்தாள் என்ற வினா இரண்டினுக்கும் எழவில்லை. முதலாவதுக்கு அவள் அற்புதம், இரண்டாவதுக்கு அவள் மோசடி. நோயாளி என்ற மூன்றாவது பெயர் அவளுக்குக் கிடைப்பதற்குள் அவள் இறந்துபோனாள்.

அம்மூன்றாவது பெயரை வழங்கியவர்களுள் ஒருவர் அதே கைஸ் மருத்துவமனையோடு நீண்டகாலத் தொடர்புடைய வில்லியம் கல் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. 1873இல் அவர் இலண்டனில் வாசித்து அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையிலேயே அனொரெக்சியா நேர்வோசா என்ற பெயர் முதன்முதலாகப் பயின்றது. அதே 1873இற் பரிஸில் சார்ள்ஸ் லாசேக் என்பவரும் தனித்து இந்நோயை விவரித்தார். கல் தம் நோயாளரை மிஸ் ஏ, மிஸ் பி, மிஸ் சி என்றே குறிப்பிட்டார். மிஸ் ஏயின் வயது பதினேழு. 1866 ஜனவரியில் அவள் நிறை 82 இறாத்தல். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 56. ஓராண்டாக மாதவிடாய் இல்லை. இரண்டாண்டுகளின் பின் அவள் நிறை 128 இறாத்தலாயிற்று. நோயுற்றிருந்தபோதும் தேறிய பின்னரும் எடுத்த படங்களிலிருந்து செதுக்கிய உருவங்களையும் கல் வெளியிட்டார். உணவைக் குறித்த வேளைகளிற் கொடுக்கவேண்டும், நோயாளரின் விருப்புக்கு விட்டுவிடலாகாது, உறவினர் இதற்குத் தகுதியற்றோர் என்பனவே அவரது சிகிச்சை நெறிகள். லாசேக்கின் கவனமோ குடும்பத்தின் மீது சென்றது. பெற்றோர் கெஞ்சுவதும் பின்னர் மிரட்டுவதும், உணவு மேசை ஒரு போர்க்களமாவதும், நோய் வீட்டின் ஒரே பேச்சுப்பொருளாவதும் அவரால் நுணுக்கமாக வரையப்பட்டுள்ளன. பல்சாக்கின் நாவல்களைப் படித்துப் பழகியோருக்கு லாசேக்கின் எழுத்து அந்நியமாகத் தோன்றாது.

இந்நோயாளர் யார்? மருத்துவரை வீட்டுக்கு அழைக்கும் வசதி படைத்த குடும்பங்களின் புதல்வியர். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜோன் ஜேக்கப்ஸ் பிறம்பேர்க் 1988இல் வெளியிட்ட ஆய்வில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். உற்பத்தியிலிருந்து விலகி நுகர்வின் களமாக மாறிய பூர்ஷ்வாக் குடும்பத்தில், உணவு அன்பின் மொழியாகவும் தரத்தின் அடையாளமாகவும் ஆயிற்று. தொழிலோ சொத்தோ வாக்குரிமையோ அற்ற மகளுக்கு, தட்டை விலக்கி வைப்பது குரலெழுப்பாமலே எதிர்ப்பைத் தெரிவிக்கும் வழியாக இருந்தது. தொழிலாளர் வீட்டில் அவ்வெதிர்ப்புக்கு அர்த்தமில்லை. அங்கு ஒருத்தி விலக்கிய உணவை இன்னொருவர் உண்டுவிடுவர்.

இவ்விடத்தில் மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் தொகுதியில் எழுதிய ஒரு மரணத்தை அருகில் வைத்து நோக்குதல் பயனுடையது. 1863 ஜூனில் இலண்டனின் ஆடை தைக்கும் நிலையம் ஒன்றில் மேரி ஆன் வோக்லி என்ற இருபது வயதுப் பெண் இறந்தாள். வேல்ஸ் இளவரசிக்கு மரியாதை செய்ய நிகழவிருந்த நடன விருந்துக்கான சீமாட்டிகளின் ஆடைகளை முடிப்பதற்காக, அறுபது பெண்களோடு சேர்ந்து இருபத்தாறரை மணிநேரம் இடையறாது வேலைசெய்தபின் நிகழ்ந்த மரணம் அது. வோக்லி தைத்த ஆடையின் ஒடுங்கிய இடையே மிஸ் ஏ போன்றோர் தம் உடலைப் பொருத்திப் பார்த்த அளவுகோல். (1871இல் வேல்ஸ் இளவரசரின் காய்ச்சலைக் குணப்படுத்தியமைக்காகப் பட்டம் பெற்றவர் வில்லியம் கல்லே என்பதையும் குறித்து வைக்கலாம்.) ஒரே நகரில், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே ஆடையின் இரு புறங்களிலும் இரு இளம் உடல்கள் அழிந்தன. ஒன்றின் அழிவு மருத்துவச் சஞ்சிகைக்கும் மற்றையது மரண விசாரணை மன்றுக்கும் சென்றது. இவ்விரண்டில் ஒன்றையே துயரமெனக் கொண்டு மற்றையதை ஆடம்பரமென ஒதுக்கும் விமரிசனம் வர்க்க ஆய்வாகாது.

*

நோயின் வரலாறு 1873க்கு முற்பட்டதா என்பது நீண்ட விவாதத்துக்குரிய விடயம். றிச்சட் மோட்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1689இல் வெளியிட்ட நூலிற் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியினதும் பதினாறு வயது இளைஞன் ஒருவனதும் மெலிவை விவரித்தார். ஆண்களுக்கும் இந்நோய் வரும் என்பது இவ்வாறு தொடக்கத்திலேயே பதிவாகியும், பின்வந்த மருத்துவம் அதனை ஏறத்தாழ மறந்தது. இன்றும் நோயுற்ற ஆண்கள் காலந்தாழ்த்தியே கண்டறியப்படுகின்றனர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றவர் ருடொல்ப் பெல். 1385 அல்ல, 1380இல் முப்பத்து மூன்றாம் வயதிற் காலமான சியன்னா நகர்க் கத்தரீனா முதலிய இத்தாலியப் பெண் துறவியரின் உண்ணாநோன்பை அவர் 1985இல் 'புனித அனொரெக்சியா' என அழைத்தார். கத்தரீனா சிறிது கீரையை மென்று சாற்றை மாத்திரம் விழுங்குவார். வயிற்றில் ஏதும் தங்கினாற் சிறு குச்சியைத் தொண்டைக்குட் செலுத்தி வெளியேற்றுவார். குறிகள் இன்றைய நோயோடு வியப்புறும் அளவுக்கு ஒத்துள்ளன. ஆயின் கரொலின் வோக்கர் பைனம் 1987இல் இதனை மறுத்தெழுதினார். இடைக்காலப் பெண்ணுக்கு உணவு நற்கருணையோடும் கிறிஸ்துவின் பாடுகளோடும் பிணைந்திருந்தது. அவள் மெலிந்த அழகை நாடவில்லை. துன்பத்திற் கலத்தலை நாடினாள் என்பது அவர் வாதம். நமக்குப் பைனத்தின் நிலையே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. காரைக்காலம்மையாரை எடுத்துக்கொள்வோம். தசை உதிர்த்துப் பேயுரு வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் கூறும் அவ்வம்மையாரை இக்காலத்து நோய்ப்பெயரால் அழைக்க எவரும் ஆசைப்படலாம். ஆனால் வணிகக் குடும்பத்தின் இல்லற ஒழுங்கிலிருந்து விடுபடும் வழியாகவும் அழகென்னும் சுமையை இறக்கும் செயலாகவும் அமைந்த அவ்வுருமாற்றம், அழகுக்காகவே மெலிபவளின் நிலைக்கு ஏறத்தாழ எதிரானது. உடலின் மெலிவு ஒன்றாயினும் அதன் சமூக அர்த்தம் காலந்தோறும் வேறுபடுகின்றது.

*

அர்த்தம் வேறுபடினும் உடல் வேறுபடுவதில்லை. பட்டினி உடலில் நிகழ்த்தும் மாற்றங்களுக்கு வர்க்கமோ சமயமோ தெரியாது. இதனை அறிவதற்கு மிகச் சிறந்த சான்று, நோய்க்குச் சற்றும் தொடர்பற்ற ஒரு பரிசோதனையிலிருந்து கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், பட்டினியால் வாடிய ஐரோப்பியருக்கு எவ்வாறு மீள உணவூட்டுவது என்பதை அறிய மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வை நடத்தினார். போரிற் பங்குகொள்ள மனச்சாட்சியின் பேரில் மறுத்த இளைஞர் 36 பேர் இதற்கு முன்வந்தனர். 1945இல் இருபத்து நான்கு வாரங்களுக்கு அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 1,570 கலோரி உணவே வழங்கப்பட்டது. அவர்கள் தம் நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை இழந்தனர்.

உடல் மெலிந்ததிலும் பார்க்க வியப்பூட்டியது அவர்களது மனமாற்றமே. திடகாத்திரமும் உறுதியும் கொண்ட அவ்விளைஞர் உணவைத் தவிர வேறெதனையும் நினைக்க இயலாதவராயினர். சமையற் குறிப்பு நூல்களை வாசித்தனர், சேகரித்தனர். சிறு உணவைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் உண்டனர். நண்பரையும் காதலியரையும் தவிர்த்தனர். எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. ஒருவர் கோடரியால் தம் கைவிரல்களைத் துண்டித்துக்கொண்டார். மீள உணவளிக்கப்பட்டபோது சிலர் வயிறு நோகும்வரை உண்டும் திருப்தியடையவில்லை. இவை யாவும் அனொரெக்சியா நோயாளரின் 'குணம்' என்று மருத்துவர் எழுதிவந்த குறிகள். நோயாளியின் பிடிவாதம், தனிமை நாட்டம், உணவு பற்றிய வெறி ஆகியவற்றிற் பெரும்பகுதி பட்டினியின் விளைவேயன்றி அதன் காரணமன்று என்பது இதனாற் புலப்படும். பட்டினி கிடக்கும் மூளையோடு வாதாடிப் பயனில்லை. முதலில் அதற்கு உணவு வேண்டும். சடப்பொருள் நிலையே சிந்தனையை நிர்ணயிக்கின்றது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் தேடுவது கடினம்.

உடலின் ஏனைய உறுப்புகளையும் இது விட்டுவைப்பதில்லை. சக்தியைச் சேமிக்கும் பொருட்டு இதயம் துடிப்பைக் குறைக்கின்றது, இதயத் தசையே மெலிகின்றது, குருதியமுக்கம் வீழ்கின்றது, உடல் குளிர்கின்றது, தோலில் மென்மயிர் முளைக்கின்றது. ஈஸ்திரசன் சுரப்புக் குன்றுவதால் மாதவிடாய் நிற்கின்றது. இதனோடு இணைந்தது என்புகளின் நலிவு. வாழ்நாள் முழுவதற்குமான என்பு வலிமை பெரும்பாலும் பதின்ம வயதிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலுமே சேர்கின்றது. அக்காலத்தில் நோயுறுபவள் நிறையை மீளப் பெற்ற பின்னரும் முதியோருக்குரிய என்பு முறிவுகளுக்கு ஆளாக நேரிடலாம். 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அனொரெக்சியா நோயாளரிடையே மரணம் அவர்தம் வயதொத்த ஏனையோரிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு என்றும், அம்மரணங்களில் ஐந்திலொன்று தற்கொலை என்றும் கணித்தது. மனநோய்களுள் இத்துணை உயிர்களைக் கவர்வன மிகச் சில.

புலிமியாவை ஜெரல்ட் றசல் 1979இல் முப்பது நோயாளரைக் கொண்டு விவரித்தார். இதில் நிறை பெரும்பாலும் வழமையான அளவிலேயே இருப்பதால் நோய் வெளியிற் தெரிவதில்லை. அடிக்கடி வாந்தியெடுப்பதால் இரைப்பை அமிலம் முன்பற்களின் உட்புற மிளிரியை அரிக்கின்றது; உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கிக் கன்னம் பருக்கின்றது; விரலைத் தொண்டையுட் செலுத்துவதாற் புறங்கை மூட்டுகளிற் தழும்புகள் தோன்றுகின்றன. குடும்பத்தார் அறியுமுன்னர் பல்வைத்தியர் அறிந்துகொள்வதுண்டு. இவற்றிலும் அபாயமானது குருதியிற் பொற்றாசியம் குறைதல். அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து முன்னறிவிப்பின்றி மரணத்தை விளைவிக்க வல்லது. பல ஆண்டுகள் அனொரெக்சியாவாற் பீடிக்கப்பட்டிருந்த அமெரிக்கப் பாடகி கரன் கார்ப்பென்ரர் 1983 பெப்ரவரி 4ஆம் திகதி முப்பத்திரண்டாம் வயதில் இதயம் நின்று இறந்தபோதே உலகின் பத்திரிகைகள் இந்நோயின் பெயரைப் பரவலாக அச்சிட்டன. அப்போது அவர் சிகிச்சை பெற்று நிறை கூடியிருந்தார் என்பது நோயின் வஞ்சகத்தைக் காட்டும்.

உணவூட்டலிலும் ஆபத்து உண்டு. யுத்த முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகள் பலர் உணவு கிடைத்தபின் இறந்தனர். நீண்ட பட்டினியிற் கலங்களினுள் இருக்கும் பொசுபேற்று, பொற்றாசியம், மக்னீசியம் ஆகியவை குன்றிவிடுகின்றன. குருதியிலோ அவற்றின் அளவு சாதாரணமாகத் தோற்றமளிக்கலாம். மாப்பொருள் உணவு உட்சென்றதும் இன்சுலின் பெருகி, எஞ்சிய பொசுபேற்றையும் கலங்களுக்குள் இழுத்துவிடுகின்றது. குருதியிற் பொசுபேற்று வீழ்ச்சியடைய, இதயமும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கின்றன. தயமின் உயிர்ச்சத்தும் விரைந்து தீர்ந்துபோகின்றது. எனவே நெடுநாட் பட்டினி கிடந்தவருக்கு அன்பு மேலீட்டால் ஒரே வேளையில் நிறைய ஊட்டுவது கூடாது. குருதியைச் சோதித்து, சிறிது சிறிதாகவே உணவைக் கூட்டவேண்டும். வீட்டாருக்கு இது தெரிந்திருத்தல் அவசியம்.

*

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோயின் சமூகத் தளம் மாறிற்று. ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவிற் பணியாற்றிய ஹில்டே புறூக் 1978இல் எழுதிய 'பொற்கூண்டு' என்னும் நூலில் இன்னமும் செல்வக் குடும்பத்துப் பெண்களையே காண்கின்றோம். அதே 1978இல் நிகழ்ந்த மற்றொன்றையும் அருகில் வைக்கலாம். ஐக்கிய அமெரிக்காவிற் பதப்படுத்திய உணவு விற்ற ஹைன்ஸ் நிறுவனம், நிறை குறைப்போருக்கான வெயிற் வோச்சர்ஸ் நிறுவனத்தை அவ்வாண்டிலேயே வாங்கிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனைத் தன்வசம் வைத்திருந்தது. 2000 ஏப்பிரலில் யூனிலீவர் நிறுவனம், பென் அன்ட் ஜெரிஸ் ஐஸ்கிறீம் நிறுவனத்தையும் ஸ்லிம்பாஸ்ற் என்னும் மெலிவுணவு நிறுவனத்தையும் ஒரே நாளில் வாங்குவதாக அறிவித்தது. உண்ணத் தூண்டுவதும் உண்டமைக்காக நாணச் செய்வதும் ஒரே மூலதனத்தின் இரு கிளைகளாக இலாபம் ஈட்டும் நிலையை விளக்க இனி நீண்ட கோட்பாடு வேண்டியதில்லை. அளவிறந்து உண்ணல், பின் பட்டினி என்ற புலிமியாவின் சுழற்சி, இச்சந்தையின் சுழற்சியை ஓர் உடலுக்குள் நிகழ்த்திக் காட்டுகின்றது.

இச்சந்தை எல்லைகளைக் கடந்தபோது நிகழ்ந்தது பீஜித் தீவில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. பாரதியின் பாடலாற் கரும்புத் தோட்டங்களின் நாடாகவே நாம் அறிந்த பீஜியில், நட்ரோகாப் பிரதேசத்துச் சுதேசப் பாடசாலை மாணவியரை ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1995இல் ஆராய்ந்தார். அங்கு திரண்ட உடலே சிறப்பெனக் கருதப்பட்டது. ஒருவர் மெலிந்தால் அவரை ஊர் சரிவரக் கவனிக்கவில்லை என்பது பொருள். பசி குன்றினால் மூலிகை கொடுத்துப் பசியைத் தூண்டுவர். 1995இல் அப்பிரதேசத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. மூன்றாண்டுகளின் பின் பெக்கர் மீண்டும் ஆராய்ந்தபோது, உண்ணற் கோளாற்று வினாக்கொத்தில் அபாய அளவை எட்டிய மாணவியர் 12.7 வீதத்திலிருந்து 29.2 வீதமாகியிருந்தனர். நிறை குறைக்க வாந்தியெடுப்பவர் முன்னர் ஒருவருமில்லை, 1998இல் 11.3 வீதத்தினர். இரு முறையும் அறுபதுக்குச் சற்று மேற்பட்டோரே ஆராயப்பட்டனர், இரு முறையும் ஆராயப்பட்டவர் ஒரே மாணவியருமல்லர். எனவே இலக்கங்களை மிகைப்படுத்தலாகாது. ஆயினும் அம்மாணவியர் கூறிய காரணம் கருதத்தக்கது. தொலைக்காட்சியில் வரும் பெண்களைப் போன்ற உடல் இருந்தால் நல்ல வேலை கிடைக்கும் என அவர்கள் நம்பினர். வேளாண்மையிலிருந்து கூலி உழைப்பை நோக்கிப் பெயரும் சமூகத்தில், உடலே விற்பனைக்குரிய தகைமையாகத் தோன்றிற்று. அழகுணர்ச்சி பற்றிய வினா ஈற்றில் தொழிற்சந்தை பற்றிய வினாவாக முடிகின்றது.

ஹொங்கொங்கிற் சிங் லீ என்ற மனநோய் மருத்துவர் கண்டது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவர் தொடக்கத்திற் சந்தித்த மெலிந்த பெண்கள் பலர் தாம் பருமனாவதற்கு அஞ்சுவதாகக் கூறவில்லை. வயிறு உப்புகின்றது, பசியில்லை என்றே கூறினர். 1994இல் மாணவியொருத்தி வீதியில் விழுந்து இறந்ததும், பத்திரிகைகள் மேனாட்டு நூல்களின் விளக்கத்தோடு நோயைப் பரப்பின. பின்வந்த ஆண்டுகளில் நோயாளரிற் பெரும்பாலோர் பருமனச்சத்தையே காரணமாகக் கூறலாயினர். நோய்க்குப் பெயரும் கதையும் கிடைத்தபின், துன்பம் அக்கதையின் வடிவை ஏற்றுக்கொள்கின்றது. இலக்கிய வடிவங்கள் பரவும் முறை பற்றி ஆராய்வோருக்கு இதில் அறியவேண்டியது மிகுதி.

'வயிறு நிறைந்தவர்களின் வியாதி' என்ற தொடரை முற்றாகக் கைவிடவேண்டியதற்கான சான்று வேறிடத்திலிருந்து வருகின்றது. 2017இல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில் இலவச உணவு பெற வந்த ஏறத்தாழ ஐந்நூறு வறியோர் ஆராயப்பட்டனர். பிள்ளைகளும் பசித்திருக்கும் அளவுக்கு வறுமை முற்றிய வீடுகளைச் சேர்ந்தோரில் 17 வீதத்தினரிடம் மருத்துவக் கவனத்துக்குரிய உண்ணற் கோளாறு காணப்பட்டது. மினசோட்டாப் பரிசோதனையை அறிந்தோருக்கு இது வியப்பன்று. மாத முடிவிற் பட்டினி, பொருள் கிடைத்த அன்று அளவிறந்த உணவு என்னும் வாழ்க்கை, புலிமியாவின் சுழற்சியை வறுமையே ஏற்படுத்தித் தருகின்றது. அவர்கள் மருத்துவரிடம் செல்வதில்லை. சென்றாலும் மருத்துவர் இந்நோயை அவர்களிடம் எதிர்பார்ப்பதில்லை. அளவிறந்து உண்ணும் கோளாறு தனிநோயாக அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் கைந்நூலில் ஏற்கப்பட்டதே 2013இற்றான். நோய் செல்வரிடம் மாத்திரம் இருந்தது என்பதிலும், செல்வரிடம் மாத்திரம் கண்டறியப்பட்டது என்பதே பொருத்தமான கூற்றாகும்.

சமூகக் காரணிகளை வற்புறுத்தும் நாம் உயிரியலை மறுத்தல் வேண்டும் என்பதில்லை. 2019இல் ஏறத்தாழ பதினேழாயிரம் அனொரெக்சியா நோயாளரின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தோர், நோயோடு தொடர்புற்ற எட்டு இடங்களைக் கண்டறிந்தனர். அவை மனநிலையோடு மட்டுமன்றி அனுசேபத்தோடும் தொடர்புடையன. ஒரே தொலைக்காட்சியைக் கண்ட மாணவியருள் எல்லோரும் நோயுறாமைக்கு இது ஒரு பகுதி விடையாகலாம். அனைத்தையும் விளம்பரத்தின் மேற் சுமத்தும் எளிய பொருள்முதல்வாதம், அனைத்தையும் தாயின் மேற் சுமத்திய பழைய உளப்பகுப்பாய்வைவிட எவ்விதத்திலும் மேலானதன்று.

தாய்மாரைக் குறித்து இன்னும் ஒன்று. உறவினர் தகுதியற்றோர் என்ற கல்லின் கருத்து நூறாண்டுக்கு மேலாக நிலைபெற்றது. 1987இல் இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் றசலும் அவர்தம் சகபாடிகளும் வெளியிட்ட ஆய்வு அதனைத் தலைகீழாக்கிற்று. நோய் தொடங்கி நெடுங்காலமாகாத இளவயதினருக்கு, பெற்றோரே ஒவ்வொரு வேளையும் உடனிருந்து உணவூட்டும் முறை சிறந்த பயனளித்தது. இன்று பதின்ம வயதினருக்கு முதலிற் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை அதுவே. ஆனால் மூன்று வேளையும், மாதக்கணக்கில், மேசையருகே அமர்ந்திருக்கக்கூடிய பெற்றோர் யார்? 1888இற் கல் வெளியிட்ட குறிப்பொன்றிற் பதினான்கு வயதுச் சிறுமிக்குக் கைஸ் மருத்துவமனையிலிருந்து தாதி வரவழைக்கப்பட்டு, சில மணிக்கொருமுறை உணவு கொடுக்கப்பட்டது; அவள் தேறினாள். சாரா ஜேக்கப்பின் படுக்கையருகே அமர்ந்திருந்த நால்வரும் அதே மருத்துவமனைத் தாதியரே. நாட்கூலிக்குச் செல்லும் தாய்க்கு விடுமுறையும் சம்பளமும் கொடுக்கும் ஏற்பாடு எந்தச் சிகிச்சைக் கைந்நூலிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.